சங்கிலி மன்னனும் மன்னார்த் தீவும்

மன்னார்த் தீவிலே தாராபுரம் என்பது எனது ஊர். பனையும் மணலும் உடைமுள்ளும் ஒருபுறம், கடல் மறுபுறம். முஸ்லிம்கள் வாழும் சிற்றூர். எமது ஊரிலிருந்து அதிக தூரமில்லாத தோட்டவெளியிலே வேதசாட்சிகள் இராக்கினி என்னும் பெயரால் ஒரு கோவில் இருக்கிறது. அங்கே திருநாள் நடைபெறும் காலத்தில், சிறுபிள்ளைகளாகிய நாங்கள் கடலை வாங்கித் தின்பதற்காகவே கூட்டத்தோடு போவதுண்டு. அக்கோவிலுக்கு வருவோர் வாயில் ஓர் அரசனுடைய பெயர் அடிக்கடி வரும். அப்பெயரைச் சொல்லும்போது அவர்களுடைய குரல் தாழ்ந்துவிடும். சங்கிலி என்பதே அப்பெயர்.

பின்னர் படிப்பின் பொருட்டு யாழ்ப்பாணம் சென்றேன். நல்லூர் முத்திரைச் சந்தியிலே ஒரு சிலை. குதிரைமேல் வீரன் ஒருவன், கையிலே உயர்த்திய வாள். அதனடியில் நின்ற என் நண்பர்கள் அதே பெயரைச் சொன்னார்கள். ஆயின் அவர்களுடைய குரல் உயர்ந்திருந்தது. ஒரே பெயர் ஓரிடத்திலே நடுக்கத்தோடும் மற்றோரிடத்திலே பெருமிதத்தோடும் ஒலிப்பது எவ்வாறு என்று அன்று தொட்டு எனக்கு ஓர் ஐயம். ஆசிரியத் தொழிலிலே பல ஆண்டுகளைக் கழித்து ஓய்வுபெற்ற பின்னரும் அவ்வையம் என்னை விட்டு நீங்கவில்லை. ஆகவே அம்மன்னனுடைய வரலாற்றை என்னளவில் ஒருமுறை சொல்லிப் பார்க்க விரும்புகிறேன்.

முதலிலே ஒரு சிக்கலை அவிழ்த்துவிட வேண்டும். சங்கிலி என்ற பெயருடன் யாழ்ப்பாணத்தை ஆண்டவர் இருவர். முன்னவன் செகராசசேகரன் என்னும் பட்டப்பெயர் பூண்டு 1519ஆம் ஆண்டு முதல் 1561ஆம் ஆண்டு வரை ஆண்டவன். பின்னவன் 1617ஆம் ஆண்டிலே அதிகாரத்தைக் கைப்பற்றி, 1619ஆம் ஆண்டிலே பிலிப் தெ ஒலிவேறாவினால் சிறைபிடிக்கப்பட்டு, கோவையிலே உயிரிழந்தவன். அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியுடைய இவ்விருவரையும் யாழ்ப்பாண வைபவமாலை ஒருவனாக்கிவிட்டது. மயில்வாகனப் புலவர் அந்நூலை 1736ஆம் ஆண்டளவிலே ஓர் ஒல்லாந்த அதிகாரியின் வேண்டுகோளுக்கிணங்க எழுதினார் என்பர். அவருக்கு எட்டிய செய்திகள் பெரும்பாலும் செவிவழி வந்தவை. சுவாமி ஞானப்பிரகாசரும் முதலியார் இராசநாயகமும் பறங்கியர் எழுதிவைத்த நூல்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்த பின்னரே இப்பிணக்குத் தெளிந்தது. எனினும் பொதுமக்கள் மனத்திலே இன்றும் சங்கிலி ஒருவனே. நல்லூர்ச் சிலைக்கு முன்னே நிற்பவர்களிடம் இவன் எந்தச் சங்கிலி என்று கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். நான் இங்கே சொல்லப்போவது முன்னவனைப் பற்றியே.

இவன் அரியணை ஏறிய வகையை வைபவமாலை சற்றும் மூடி மறைக்காமல் கூறுகிறது. தந்தையாகிய பரராசசேகரனுக்கு இராசலட்சுமி என்னும் தேவியிடத்திலே சிங்கவாகு, பண்டாரம் என்ற இருவரும், வள்ளியம்மை என்பவளிடத்திலே பரநிருபசிங்கமும், மங்கத்தம்மாள் என்பவளிடத்திலே சங்கிலியும் பிறந்தார்கள். முடிக்குரியவனான சிங்கவாகு நஞ்சினால் மாண்டான். பண்டாரம் வாளினால் மாண்டான். வைத்தியத்திலே வல்லவனான பரநிருபசிங்கம் கண்டிக்கு மருத்துவம் செய்யச் சென்றிருந்த வேளையிலே இப்பாதகம் நடந்ததாம். இவற்றிலே எவ்வளவு உண்மை, எவ்வளவு பிற்காலத்தார் கட்டியது என்று பிரித்தெடுப்பது எளிதன்று. ஆயின் சங்கிலிக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான் என்பதும், அவன் தம்பிக்கு அஞ்சி நாட்டை விட்டு ஓடிப் பறங்கியர் துணையை நாடினான் என்பதும் சவேரியார் காலத்துச் செய்திகளாலும் விளங்குகின்றன. நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட தனது ஆட்சியிலே சங்கிலி ஒருநாளாவது அச்சமின்றி உறங்கியிருப்பானா என்பது எனக்குச் சந்தேகமே. அண்ணன் அக்கரையிலே காத்திருந்தான். அவன் பின்னே பறங்கிக் கப்பல்கள் காத்திருந்தன.

அக்காலத்துக் கடலின் நிலையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். அது தெரியாமல் இக்கதை விளங்காது. மன்னார்க் குடாவின் அடியிலே கிடந்த முத்துத்தான் எல்லாவற்றுக்கும் வேர். அதனைக் குளிப்பவர் இக்கரையிலும் அக்கரையிலும் வாழ்ந்த கடலோர மக்கள். விலை பேசி வாங்கிக் கொண்டுபோனவருள் எம்மவராகிய முஸ்லிம் வணிகர் முக்கியமானவர். இவ்விரு சாராருக்கும் இடையே அக்கரையிலே மூண்ட பூசல் முற்றி, பரதவர் தங்களைக் காக்கும்படி கொச்சியிலிருந்த பறங்கியரை அடைந்தார்கள். பாதுகாப்பு இலவசமாகக் கிடைக்கவில்லை. 1535ஆம் ஆண்டு தொடங்கி இரண்டோர் ஆண்டுக்குள் ஏறத்தாழ இருபதினாயிரம் பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1538ஆம் ஆண்டு வேதாளையிலே நடந்த கடற்போரிலே மரைக்காயர்களின் படை மார்ட்டிம் அபொன்சோ தெ சோசாவினால் முறியடிக்கப்பட்டது. அன்று தொட்டு முத்துக்கடல் பறங்கியர் காவலுக்குள் வந்தது. எம்மவர் பக்கத்திலே குற்றமே இல்லை என்று நான் வாதிடமாட்டேன். வியாபாரத்திலே கைமேலோங்கி நின்றவர்கள் சில வேளைகளில் எளியவர்களை மிதித்தும் இருப்பார்கள்.

நல்லூரிலே இருந்த சங்கிலிக்கு இந்தப் பாடம் தெளிவாக விளங்கியது. அக்கரையிலே நெற்றியில் நீர் வார்க்கப்பட்ட ஒவ்வொருவனும் மறுநாள் போர்த்துக்கல் அரசனுடைய குடிமகன் ஆனான். அவனை ஆள்வதற்குக் கப்பித்தான் ஒருவன் வந்தான். அவன் செலுத்தும் வரி திசை மாறியது. மதமாற்றம் என்பது அக்காலத்திலே ஆன்மாவைப் பற்றிய செய்தி மாத்திரமன்று, ஆட்சியைப் பற்றிய செய்தியுமாம். இதனைச் சங்கிலி உணர்ந்தான் என்பதிலே எனக்கு ஐயமில்லை. அவன் உணர்ந்த பின் செய்ததே என்னை வருத்துவது.

அவன் பறங்கியரோடு முதலிலே மோதியது மதத்தைப் பற்றியன்று, கப்பலைப் பற்றியது. புயலிலே கரைதட்டிய மரக்கலங்களின் சரக்கு அந்நாட்டு அரசனுக்கு உரியது என்பது கீழைக் கடலோரத்துப் பல அரசர் கைக்கொண்ட வழக்கம். சங்கிலியும் அவ்வழக்கப்படியே பறங்கியர் சரக்கை எடுத்துக்கொண்டான். 1543ஆம் ஆண்டிலே சோசா கப்பற்படையோடு வந்து அவனை அச்சுறுத்தித் திறை கொடுக்க இசையவைத்தான். சங்கிலி இசைந்தான். எதிர்க்க முடியாதபோது வளைவதும், காற்று மாறியதும் நிமிர்வதும் அவனது இயல்பு. பறங்கி ஆசிரியர்கள் இதனை வஞ்சகம் என்றார்கள். சிறிய அரசு ஒன்றைப் பெரிய கப்பல்களுக்கு நடுவே நாற்பது ஆண்டு காத்தவனுக்கு வேறு வழி என்ன இருந்தது என்று அவர்கள் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு, 1544. முத்துக்குளித்துறையிலே பிரான்சிஸ் சவேரியார் செய்துவந்த பணியின் புகழ் இத்தீவுக்கும் எட்டியது. இங்குள்ள கடலோர மக்கள் ஆளனுப்பித் தங்களிடமும் வரும்படி அவரை வேண்டினார்கள். அவர் அவ்வேளை வேறு வேலையிலே ஈடுபட்டிருந்தமையால் குரு ஒருவரைத் தமக்குப் பதிலாக அனுப்பினார். பட்டிம் என்னும் ஊரிலே பலர் ஞானஸ்நானம் பெற்றார்கள். செய்தி நல்லூரை அடைந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் சங்கிலி படையோடு மன்னாருக்கு வந்தான். புதிய சமயத்தை விட்டுவிட மறுத்தவர்களை வாளுக்கு இரையாக்கினான். மாண்டவர் தொகை அறுநூறு முதல் எழுநூறு வரை என்று சமயத்தார் நூல்கள் கூறும். வைபவமாலையும் அறுநூறு என்றே சொல்லுகிறது. ஒன்றையொன்று பகைக்கும் இருவகை நூல்கள் ஒரு தொகையிலே ஒத்துப்போவது அரிது. ஆகவே அதனை மிகை என்று தள்ளிவிடுவதற்கில்லை.

இந்த அறுநூற்றுவரைப் பற்றி நல்லூர்ச் சிலையின் முன்னே யாரும் பேசுவதில்லை. பேசுவோரும், அவர்கள் பறங்கியருக்கு வழிவிட்டவர்கள் என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். நான் அவ்வாறு நகர முடியாதவன். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே எமது ஊரார் வீடு, தோணி, ஆடு, மாடு எல்லாவற்றையும் விட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கடல்வழியே கற்பிட்டிக் கரையிலே இறங்கியவர்கள். ஒரு கூட்டத்தாரை அவர்கள் தொழும் முறையைக்கொண்டு நம்பத்தகாதவர் என்று தீர்மானித்தால் என்ன நிகழும் என்பதை நான் நூலிலே படித்து அறியவில்லை. பட்டிம் மக்கள் முத்துக்குளிப்பவரும் வலைவீசுபவருமே. அவர்களுக்குப் போர்த்துக்கல் எத்திசையில் இருக்கிறது என்பதும் தெரிந்திராது. அக்கரையிலுள்ள தம் உறவினருக்கு ஒரு காவல் கிடைத்தது. தமக்கும் கிடைக்கலாம் என்று எண்ணினார்கள். அவ்வளவே.

எளிய மக்கட் கூட்டமொன்று புதிதாக வந்த வல்லரசோடு சேர்வதா, எதிர்ப்பதா என்னும் கேள்வி எமது கடலுக்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்காவிலே ஒனைடா என்னும் பழங்குடியினர் இருக்கிறார்கள். இரோக்குவா என்னும் ஆறு குடிகளின் கூட்டமைப்பிலே அவர்களும் ஒரு குடியினர். அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டபோது, கூட்டமைப்பிலே பெரும்பாலோர் ஆங்கிலேயர் பக்கம் நின்றார்கள். ஒனைடா மக்களோ, ஸ்கெனண்டோவா முதலிய தலைவர்களின் சொற்படி, அமெரிக்கர் பக்கம் சேர்ந்து தம் உறவுக்குடிகளோடேயே பொருதார்கள். அமெரிக்கர் வென்றார்கள். வென்ற சில ஆண்டுகளுக்குள், 1788ஆம் ஆண்டு ஒப்பந்தத்தினால், ஒனைடாவினரின் நிலத்திலே மிகப்பெரும் பகுதி நியூயோர்க் மாநிலத்தின் கைக்குச் சென்றது. நண்பர்களாக இருந்தும் நிலம் போயிற்று. ஸ்கெனண்டோவா முதுமையிலே கண்ணிழந்து 1816ஆம் ஆண்டு இறந்தார். தமக்குக் கிறிஸ்தவம் போதித்த கேர்க்லண்ட் என்னும் பாதிரியாருக்கு அருகிலே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய வரலாற்றைப் படித்தபோது எனக்குச் சங்கிலியின் நினைவே வந்தது. இவன் எதிர்த்தான், அவர் இணங்கினார். இருவருடைய மக்களுக்கும் கிடைத்தது ஏறக்குறைய ஒன்றே.

மன்னாரிலே நடந்ததை அறிந்த சவேரியார் மிகவும் கொதித்தார். சங்கிலியைத் தண்டித்து அவன் அண்ணனை அரசனாக்கவேண்டும் என்று பறங்கித் தேசாதிபதியிடம் வற்புறுத்தினார். அதற்கு இசைவும் கிடைத்தது. 1545ஆம் ஆண்டிலே நாகபட்டினத்திலே கப்பல்கள் கூடத் தொடங்கின. சவேரியாரும் அங்கே சென்று காத்திருந்தார். இவ்வேளையிலே நடந்ததுதான் இவ்வரலாற்றிலே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பெகு நாட்டிலிருந்து விலையுயர்ந்த சரக்கோடு வந்த பறங்கிக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையிலே தட்டிவிட்டது. சங்கிலி வழக்கம்போலச் சரக்கை எடுத்துக்கொண்டான். உடனே பறங்கியர் மனம் மாறிவிட்டது. போர் தொடுத்தால் சரக்கு திரும்பாது, பேசினால் திரும்பலாம். வேதசாட்சிகளின் இரத்தத்துக்குப் பழிவாங்கப் புறப்பட்ட படை, சரக்கின் கணக்கைப் பார்த்துக் கலைந்து போயிற்று. சவேரியார் மனமுடைந்து மயிலாப்பூருக்குச் சென்றார். அங்கிருந்து மலாக்காவுக்குக் கப்பலேறினார். சிலுவையையும் தராசையும் ஒரே கப்பலில் ஏற்றிவந்தவர்கள் தேவையானபோது எதனைக் கடலில் போடுவார்கள் என்பதைச் சங்கிலி அன்றே கண்டுகொண்டான். அதன்பின் பதினைந்து ஆண்டுகள் அவனை யாரும் அசைக்கவில்லை.

அப்பதினைந்து ஆண்டுகளிலே தெற்கிலே நடந்தவற்றை அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பறங்கியரைத் துணையாகக்கொண்டு ஆண்ட கோட்டை அரசன் புவனேகவாகு 1551ஆம் ஆண்டிலே பறங்கியன் ஒருவன் சுட்ட குண்டினால் மாண்டான். அவனுடைய பேரன் தர்மபாலன் 1557ஆம் ஆண்டிலே ஞானஸ்நானம் பெற்றான். பின்னர் 1580ஆம் ஆண்டிலே தன் இராச்சியத்தையே போர்த்துக்கல் அரசனுக்கு எழுதிக்கொடுத்துவிட்டான். தர்மபாலனுடைய தந்தையாகிய வீதிய பண்டாரன் பறங்கியரைப் பகைத்துக்கொண்டு ஓடி யாழ்ப்பாணத்திலே அடைக்கலம் புகுந்தான். புகுந்த இடத்திலே கலகம் ஒன்று மூண்டு அவனும் உயிரிழந்தான். அவன் கொண்டுவந்த திரவியங்கள் சங்கிலியிடம் தங்கின. விருந்தாளியைக் காக்கத் தவறிய பழியும் அவனுக்குத் தங்கிற்று.

1560ஆம் ஆண்டிலே கோவையின் அரசப்பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு தெ பிறகன்சா தாமே பெரும்படையோடு யாழ்ப்பாணத்தின்மேல் வந்தார். நல்லூர் வீழ்ந்தது. முதிய சங்கிலி தலைநகரை விட்டுக் கோப்பாய்க் கோட்டைக்கும், அங்கிருந்து கிழக்கு நோக்கியும் பின்வாங்கினான். அரண்மனையிலே கிடைத்த பொருள்களுக்குள் பல் ஒன்றும் இருந்தது. அது புத்தபெருமானின் தந்தம் என்று நம்பிய பெகு அரசன் அதனை மீட்கப் பெருந்தொகை தருவதாகச் சொல்லியனுப்பினான். இம்முறை பறங்கியர் தராசை ஒதுக்கிவைத்தார்கள். கோவையிலே அதனை உரலில் இடித்து நெருப்பிலிட்டார்கள். கண்டியிலுள்ள தந்ததாதுவே உண்மையானது, அது என்றும் பிறர் கைப்படவில்லை என்பது பௌத்தர்களின் நம்பிக்கை.

சங்கிலி மறுபடியும் வளைந்தான். திறை தருவதற்கும், மகனைப் பிணையாகக் கொடுப்பதற்கும், மன்னாரை விட்டுவிடுவதற்கும் சம்மதித்தான். பறங்கியர் வென்றோம் என்று இருந்த வேளையிலே குடிகள் திடீரென எழுந்தார்கள். நல்லூரிலே இருந்த பறங்கிப்படை பெருஞ்சேதத்தோடு கடற்கரைக்கு ஓடித் தப்பியது. யாழ்ப்பாணத்தை விழுங்க வந்த பிறகன்சாவுக்குக் கையில் மிஞ்சியது எமது தீவு ஒன்றே. அவர் இங்கே கோட்டை ஒன்றை எழுப்பி, புன்னைக்காயலிலே கப்பித்தானாக இருந்த மனுவேல் றொட்றீகஸ் குத்தீஞ்ஞோவை இதற்குத் தலைவனாக்கினார். வடுகர் தாக்குதலினால் அல்லலுற்ற பரதவரிலே பலரும் அவனோடு இங்கே குடியேறினார்கள். தமிழ் எழுத்தை அச்சேற்றிய அண்டிரிக் அடிகளாரும் அவர்களோடு சிலகாலம் மன்னாரிலே வாழ்ந்தார். 1578ஆம் ஆண்டிலே கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்தை வகுப்பிலே பாடமாகச் சொல்லும்போதெல்லாம், அதன் ஆசிரியர் எமது மணலிலே நடந்தவர் என்று சேர்த்துச் சொல்லுவது என் வழக்கமாயிருந்தது.

சங்கிலியின் முடிவு வெற்றியாரவாரத்தோடு அமையவில்லை. பறங்கியர் போன மறு ஆண்டே, 1561இல், குடிகளின் எழுச்சியோடு அவன் மகன் புவிராச பண்டாரம் அரியணையைக் கைப்பற்றினான். அண்ணன்மாரை அகற்றி ஆட்சியை அடைந்தவனை மகன் அகற்றினான். வெளியார் முன்னே நாற்பத்திரண்டு ஆண்டு தாக்குப்பிடித்தவன் சொந்த வீட்டிலே தோற்றான். இதனை அவனைப் புகழ்வோரும் சொல்வதில்லை, இகழ்வோரும் சொல்வதில்லை.

அந்த மகனுக்கும் மன்னார் உறுத்திக்கொண்டே இருந்தது. 1591ஆம் ஆண்டிலே, தந்தை இழந்த தீவை மீட்பதற்காகக் கோட்டையைத் தாக்கினான், முடியவில்லை. அதற்குப் பழிவாங்க வந்த அந்திரே புர்த்தாதோ தெ மென்டொன்சா நல்லூரிலே புகுந்து அவனைக் கொன்று, எதிர்மன்னசிங்கத்தைத் தமக்கு அடங்கிய அரசனாக அமர்த்தினான். அதன்பின் இரண்டாம் சங்கிலியின் கதை. அது வேறு.

சென்ற ஆண்டு என் பேரனை அழைத்துக்கொண்டு மன்னார்க் கோட்டைக்குப் போயிருந்தேன். பறங்கியர் கட்டி, 1658ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் கைப்பற்றித் திருத்தி, 1795ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் பெற்றது அது. நான்கு கொத்தளங்களுக்கும் நடுவே இடிந்த தேவாலயம். மதிலோரத்திலே கழுதைகள் மேய்ந்துகொண்டிருந்தன. அங்கிருந்து பள்ளிமுனைக்குச் சென்று பெருக்கமரத்தையும் காட்டினேன். 1477ஆம் ஆண்டிலே நட்ட மரம் என்பர். அப்படியானால் சங்கிலியின் படை வந்த காலத்திலே அது அறுபத்தேழு வயதுடைய மரமாய் நின்றிருக்கும். பேரன் கைகளை விரித்து அதன் அடியை அளந்து பார்த்து, சங்கிலி நல்லவனா கெட்டவனா என்று கேட்டான். தோட்டவெளிக்குப் போய்விட்டு வீடு போகலாம் வா என்று சொல்லி அவனை வண்டியில் ஏற்றினேன்.